மூன்று வயதில் துரத்தப்படும் சிங்கக் குமாரன்!

கூட்டாளி கிடைத்தால் ராஜ்யம், கிடைக்காவிட்டால் அலைச்சல்!

சேலையூரில் இருந்து வண்டலூர் அதிக தூரம் இல்லை. கேம்ப் ரோட்டில் பஸ் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்தால் போதும். மிருகக்காட்சி சாலையின் வாசல் வந்துவிடும்.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு அங்கே போகாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. புளிசாதம் கட்டிக்கொண்டு, பாட்டியையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவார்கள். வாசலைத் தாண்டியதும் குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்:

"சிங்கம் எங்கே?"

சிங்கத்தைப் பார்க்க அங்கே ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. கம்பி போட்ட வண்டிக்குள் மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிங்கம் வெளியே மரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருக்கும். கூண்டில் இருப்பது யார் என்ற சந்தேகமே வந்துவிடும்!

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், அந்த இடத்தில் ஒரு சம்பவம் நடந்தது.

பெங்களூர் பன்னர்கட்டாவில் இருந்து வந்த ஓர் ஆண் சிங்கம். நல்ல வாலிப வயது. அதை, சிங்கங்கள் உலாவும் அந்தக் காட்டுப் பகுதியில் திறந்துவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் சிங்கங்கள் இரை தின்ன இருப்பிடத்துக்குத் திரும்புவது வழக்கம். இந்தச் சிங்கம் திரும்பவில்லை.

மறுநாளும் வரவில்லை.

ஊழியர்கள் புதர் புதராகத் தேடினார்கள். ஆள் இல்லாமல் பறக்கும் டிரோன்களை மேலே அனுப்பிப் பார்த்தார்கள். சுற்று வட்டாரத்தில் அதே பேச்சு. "சிங்கம் வெளியே வந்துவிட்டதாமே! உண்மையா?"

உண்மை இல்லை. சிங்கம் வேலிக்கு உள்ளேதான் இருந்தது. சில நாட்கள் கழித்து, அதுவாகவே இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த இரவுகளில் அது என்ன நினைத்துக்கொண்டு புதருக்குள் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? ஆனால் ஒன்று நிச்சயம். அந்தச் சிங்கம் காட்டிலே பிறந்திருந்தால், அந்த வயதில் சும்மா படுத்துக் கிடக்க முடியாது. தாய் வீட்டை விட்டு எப்போதோ துரத்தப்பட்டிருக்கும். ராஜ்யம் தேடி அலைந்திருக்கும். ராஜ்யத்தைப் பிடித்திருக்கும்; அல்லது அந்த முயற்சியில் செத்திருக்கும்.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

196-ம் 330-ம்

தமிழ்நாட்டுக் காடுகளில் யானை உண்டு, புலி உண்டு, சிறுத்தை உண்டு. சிங்கம் கிடையாது. நம் ஊரில் கோவில் தூணிலும் தேரிலும்தான் சிங்கத்தைப் பார்க்கலாம்.

ஆப்பிரிக்காவை விட்டால், காட்டுச் சிங்கம் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது நம் இந்தியாவில், குஜராத் மாநிலத்து சவுராஷ்டிரப் பகுதியில் இருக்கிறது. அங்கே ஜூனாகத் பக்கத்தில் உள்ளது கிர் காடு. தேக்கு மரமும் முள்மரமும் நிறைந்த வறண்ட காடு.

கிர் சரணாலயமும் தேசியப் பூங்காவும் சேர்ந்து 1,412 சதுர கிலோமீட்டர். நம் வண்டலூர்ப் பூங்கா 602 ஹெக்டேர். அதாவது சுமார் 6 சதுர கிலோமீட்டர். வண்டலூரைப் போல 230 பூங்காக்களைச் சேர்த்து வைத்தால் ஒரு கிர் ஆகும்!

முன்பு வட இந்தியாவில் பல இடங்களில் சிங்கங்கள் இருந்தன. ராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும் துப்பாக்கியோடு கிளம்பிச் சுட்டுத் தீர்த்தார்கள். 20-ம் நூற்றாண்டு பிறந்தபோது, கிர் காட்டில் சில டஜன் சிங்கங்கள்தான் மிச்சம். ஜூனாகத் நவாப் வேட்டைக்குத் தடை போட்டார். அதனால் இனம் பிழைத்தது.

இப்போது எத்தனை? 2015-ல் 523 சிங்கங்கள் இருந்தன. 2020-ல் அது 674 ஆனது. 2025-ம் ஆண்டு மே மாதம் எடுத்த கணக்குப்படி 891!

இந்த 891-ல் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வளர்ந்த ஆண் சிங்கங்கள் 196. வளர்ந்த பெண் சிங்கங்கள் 330. மீதி எல்லாம் குட்டிகளும் விடலைகளும்.

சிங்கக் குட்டிகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதியாகத்தான் பிறக்கின்றன. வளர்ந்த பிறகு மட்டும் பெண் அதிகமாகவும் ஆண் குறைவாகவும் இருப்பானேன்? மற்ற ஆண்கள் எங்கே போயின?

அம்மா இருக்கும் வரை கவலை இல்லை

பெண் சிங்கம் சுமார் 110 நாட்கள் வயிற்றில் சுமந்து குட்டி போடுகிறது. ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள். பிறக்கும்போது குட்டிக்குக் கண் திறந்திருக்காது. உடம்பெல்லாம் புள்ளி இருக்கும். நம் வீட்டுப் பூனைக்குட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியது போல் இருக்கும்.

தாய் அவற்றைப் புதருக்குள் ஒளித்து வைக்கும். ஒரே இடத்தில் வைத்தால் வாடை பரவி, கழுதைப்புலியோ சிறுத்தையோ மோப்பம் பிடித்துவிடும். அதனால் பிடரியைக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு வயது ஆகும்போது குட்டிகள் தாயின் பின்னால் வேட்டைக்குப் போகும். போவதோடு சரி. உதவி செய்வதைவிடக் கெடுப்பதுதான் அதிகம். தாய் பதுங்கிப் பதுங்கி மானை நெருங்கும். இந்த வாண்டுகளில் ஒன்று அவசரப்பட்டு எழுந்து ஓடும். மான் பறந்துவிடும். அன்றைக்கு எல்லோருக்கும் பட்டினி!

இரண்டு வயது வரை தாய்தான் சோறு போடவேண்டும். அதற்குள் ஆண் குட்டியின் கழுத்தில் பிடரி மயிர் அரும்பத் தொடங்கும். நம் வீட்டுப் பையனுக்கு மீசை அரும்புகிற மாதிரிதான். அதோடு தொல்லையும் அரும்பிவிடும்.

"வெளியே போ!"

பெண் குட்டிக்குப் பிரச்சினை இல்லை. அது வளர்ந்ததும் தாய், சிற்றன்னை, அக்காள் இருக்கும் பூமியிலேயே இருந்துகொள்ளலாம். ஆண் குட்டிக்கு அந்த உரிமை இல்லை.

பையனுக்கு மூன்று வயது நெருங்குகிறது. குரல் தடிக்கிறது. பிடரி வளர்கிறது. அந்தப் பகுதியை ஆளும் பெரிய ஆண் சிங்கம் இதைப் பார்க்கிறது. நேற்று வரை காலடியில் விளையாடியதைப் பொறுத்துக்கொண்ட அதே சிங்கம், இன்று உறுமுகிறது. இரையின் பக்கத்தில் வந்தால் அறைகிறது. பெண் சிங்கங்களின் பக்கம் போனால் துரத்துகிறது.

தாயாவது பரிந்து பேசுமா? பேசாது. அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிட்டால், தாயும் பல்லைக் காட்டிச் சீறும். "உன் வழியைப் பார்த்துக்கொள்" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

சில குட்டிகளுக்கு இந்தக் கெடு இன்னும் முன்னாலேயே வந்துவிடும். புதிய ஆண்கள் வந்து பழைய ராஜாவைத் துரத்திவிட்டால், இரண்டு வயது நிரம்பாத பையன்கள்கூட ஓட வேண்டியதுதான். வேட்டையாடத் தெரிந்தும் தெரியாத வயது. ஓடாமல் நின்றால் உயிர் தங்காது.

நம் காட்டு யானைகளிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வாலிபம் வந்த ஆண் யானை, தாயின் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். ஆனால் அதற்குத் தின்னத் தழை எங்கும் இருக்கிறது. சிங்கத்தின் பாடு அப்படி இல்லை. அதன் சாப்பாடு ஓடிக்கொண்டு இருக்கிறது!

ஊர் ஊராக அலைச்சல்

துரத்தப்பட்ட சிங்கம் எங்கே போகும்?

கிர் காட்டின் நல்ல இடங்களுக்கெல்லாம் ஏற்கனவே ராஜா உண்டு. ஒரு எல்லையைத் தாண்டினால் இன்னொரு எல்லை. அங்கேயும் அடி, இங்கேயும் அடி. ஆகவே வாலிபச் சிங்கங்கள் காட்டின் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஓரத்தைத் தாண்டியும் போகின்றன. ஆற்றங்கரை, தரிசு, மாந்தோப்பு, நிலக்கடலைத் தோட்டம், கடற்கரைச் சவுக்குத் தோப்பு என்று எல்லா இடத்திலும் நடக்கின்றன. பகலில் புதரில் படுக்கை. இரவில் நடை.

சவுராஷ்டிரத்தில் இன்று 11 ஜில்லாக்களில் சிங்கம் தென்படுகிறது. சிங்கங்கள் நடமாடும் பரப்பு 35,000 சதுர கிலோமீட்டர். இப்படிப் பரவியதில் பெரும் பங்கு இந்த வீடு இழந்த வாலிபர்களுடையது.

ஆனால் காட்டுக்கு வெளியே புதிய எமன்கள் காத்திருக்கிறார்கள். வயல்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் உண்டு. இருட்டில் மானைத் துரத்தும் சிங்கம் அதில் விழுந்து செத்தது எத்தனையோ முறை. பிறகு ஆயிரக்கணக்கான கிணறுகளுக்கு வனத்துறை சுவர் கட்டிக் கொடுத்தது. பீப்பாவாவ் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரெயில்களிலும் சிங்கங்கள் அடிபட்டிருக்கின்றன.

அங்குள்ள விவசாயிகள் சிங்கத்தை அடித்து விரட்டுவது இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் இல்லை. காரணம் இருக்கிறது. நீலான் என்று ஒரு பெரிய மான் ஜாதி. குதிரை அளவு இருக்கும். காட்டுப்பன்றியும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரே இரவில் வயலை நாசம் செய்துவிடும். சிங்கம் வந்தால் அவை கிட்டே வராது. ஒரு மாடு போனாலும் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கிறது. ஆகவே, சம்பளம் இல்லாத காவல்காரன் என்று சிங்கத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தனிச் சிங்கம் ராஜா ஆகுமா?

சினிமாவிலும் கதையிலும் சிங்கம் தனியாக வரும், கர்ஜிக்கும், காடே நடுங்கும். நிஜக் காட்டில் நிலைமை வேறு. தனி ஆண் சிங்கத்துக்கு ராஜ்யம் கிடைப்பது மிகவும் கஷ்டம். கிடைத்தாலும் நிலைப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆகவே வாலிபச் சிங்கம் முதலில் தேடுவது ராஜ்யத்தை அல்ல, ராணியையும் அல்ல. கூட்டாளியைத் தேடுகிறது!

கூடப் பிறந்தவன் இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வெளியேறும். சேர்ந்தே வேட்டையாடும். ஒரே நிழலில் படுக்கும். கூடப் பிறந்தவன் இல்லையா? வழியில் தன்னைப் போலவே துரத்தப்பட்ட இன்னொரு சிங்கத்தைச் சந்தித்து நட்புச் செய்துகொள்ளும். முதலில் முறைப்பு. பிறகு மோப்பம். பிறகு முகத்தோடு முகம் உரசல். அதற்குப் பிறகு, ஆயுள் முழுவதும் பிரிவு இல்லாத சிநேகம்.

ஆப்பிரிக்காவில் ஐந்து ஆறு சிங்கங்கள்கூடச் சேர்வது உண்டு. அங்கே பெரிய கூட்டணிகளில் இருப்பவை எல்லாம் பெரும்பாலும் சொந்தக்காரச் சிங்கங்களே. இரண்டு பேர் கூட்டணியில் அந்நியர்களும் உண்டு. கிர் காட்டில் ஜோடிதான் அதிகம்.

பங்கு பிரிப்பதில் தகராறு

இந்த ஜோடிகளைப் பற்றி இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்தோத்ர சக்ரவர்த்தி, யாதவேந்திரதேவ் ஜாலா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் கிர் காட்டில் ஆராய்ந்தார்கள். இரவு பகலாகச் சிங்கங்களின் பின்னாலேயே போனார்கள். எந்தச் சிங்கம் எவ்வளவு தின்றது, எந்தச் சிங்கம் யாரோடு கூடியது என்று குறித்து வைத்தார்கள். 2017-ல் அதை வெளியிட்டார்கள்.

என்ன தெரிந்தது? நண்பர்கள்தான், ஆனால் பங்கு சமம் இல்லை!

இரண்டில் ஒன்று மூத்த கூட்டாளி. பெண் சிங்கத்தோடு கூடும் வாய்ப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. சாப்பாட்டிலும் அது இளைய கூட்டாளியைவிட 47 சதவீதம் அதிகம் தின்றுவிடுகிறது.

"அப்படியானால் அந்த இரண்டாவது சிங்கம் ஏன் கூட இருக்கிறது? பிரிந்து போய்விடலாமே!" என்று நமக்குத் தோன்றும்.

அதற்கும் ஆராய்ச்சியில் விடை கிடைத்தது. குறைந்த பங்கு வாங்கும் இளைய கூட்டாளியின் நிலைகூட, தனியாக அலையும் சிங்கத்தின் நிலையைவிட மேலானது. தனியாகப் போனால் பாதி வயிறும் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கலோடு சேர்ந்து கடை நடத்தும் கூட்டாளிகளை நம் ஊரிலும் பார்க்கிறோம் அல்லவா?

மூன்று நான்கு பேர் சேர்ந்தால், கடைசி ஆளுக்கு எலும்புதான் மிஞ்சும். அதனால்தான் கிர் காட்டில் இரட்டையர் ஆட்சி சவுகரியமாக இருக்கிறது.

சண்டைக்கு முன்னால் சத்தம்

ஐந்து வயது வாக்கில் பிடரி நிரம்புகிறது. உடம்பு 160 கிலோவைத் தாண்டுகிறது. இப்போது நண்பர்கள் இருவரும் ஒரு ராஜ்யத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறார்கள்.

உடனே பாய்ந்துவிட மாட்டார்கள். முதலில் மோப்பம். எல்லையில் உள்ள புதர்களின் மேல் ராஜா சிறுநீர் பீச்சி வைத்திருக்கும். அதுதான் அதன் பட்டா! எவ்வளவு நாளைக்கு முன் போட்டது, எத்தனை பேர் போட்டது என்பதெல்லாம் மூக்கில் தெரிந்துவிடும்.

அடுத்தது காது. சிங்கத்தின் கர்ஜனை அமைதியான இரவில் 8 கிலோமீட்டர் வரை கேட்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டலூரில் ஒரு சிங்கம் கர்ஜித்தால், ரெயிலும் லாரியும் சத்தம் போடாமல் இருந்தால், தாம்பரத்தில் படுத்திருப்பவர் காதில் விழும் தூரம் அது.

டான்சானியா நாட்டில் செரங்கெட்டி என்று ஒரு புல்வெளி உண்டு. அங்கே ஆராய்ச்சியாளர்கள் கர்ஜனைகளைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு குரல் கேட்டால் பெண் சிங்கங்கள் துணிந்து கிளம்பின. மூன்று குரல் சேர்ந்து கேட்டால் தயங்கின. ஆக, சிங்கத்துக்கு எண்ணத் தெரியும்! எதிரி எத்தனை, நாம் எத்தனை என்று பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கிறது.

மூன்றாவது கண். பிடரியைப் பார்க்கும். செரங்கெட்டியிலேயே இதற்கும் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. பெய்டன் வெஸ்ட், கிரெய்க் பாக்கர் என்ற இருவர், நிஜச் சிங்கம் அளவுக்குப் பொம்மைச் சிங்கங்களைச் செய்தார்கள். ஒன்றுக்குக் கருத்த பிடரி. மற்றதற்கு வெளுத்த பிடரி. ஆண் சிங்கங்கள் வந்தன. கருத்த பிடரிப் பொம்மையின் பக்கம் போகத் தயங்கின. வெளுத்த பிடரியின் பக்கம் போயின. பெண் சிங்கங்களோ நேராகக் கருத்த பிடரிக்காரனிடமே போயின! கருத்த பிடரி என்றால் நல்ல ஊட்டமும் வீரியமும் உள்ளவன் என்று பொருள். இந்த முடிவு 2002-ல் வெளிவந்தது.

மோப்பம், சத்தம், பார்வை ஆகிய மூன்றிலும் கணக்கு ஒத்துவந்தால்தான் சண்டை. பாதிச் சண்டைகள் முறைப்போடு முடிந்துவிடும். மீதிச் சண்டையில் இரக்கம் இல்லை. இடுப்பில் கடி, முதுகெலும்பில் கடி. ஒருவன் முன்னால் நின்று போக்குக் காட்ட, கூட்டாளி பின்னால் வந்து கவ்வுவான். தனி ஆள் இந்த இரண்டு பக்கத் தாக்குதலைத் தாங்க முடியாது. அந்த இடத்தில் சாகாவிட்டாலும், புண் அழுகிச் சில நாளில் சாவு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிர் காட்டில் செத்துக் கிடக்கும் சிங்கம் எல்லாம் எல்லைச் சண்டையில் செத்ததுதான் என்று நினைத்துவிடக் கூடாது. 2018-ம் ஆண்டு செப்டம்பரில் தல்கானியா பகுதியில் வரிசையாகச் சிங்கங்கள் இறந்தன. முதலில் எல்லைச் சண்டை என்றுதான் சொன்னார்கள். பிறகு சோதித்தால், நாய்களிடம் காணப்படும் ஒரு வைரஸ் காய்ச்சல்! 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அதில் போயின.

குட்டிகளின் கதி

ராஜ்யம் கை மாறியதும் நடப்பது மிகவும் கொடுமையானது. புதிய ஆண்கள் பழைய ராஜாவின் குட்டிகளைத் தேடித் தேடிக் கொல்கின்றன.

காரணம் உண்டு. குட்டிக்குப் பால் கொடுக்கும் வரை தாய் அடுத்த ஈற்றுக்குத் தயாராகாது. புதிய ராஜாவின் ஆட்சியோ இரண்டு மூன்று வருஷந்தான். காத்திருக்க நேரம் இல்லை. தன் வாரிசு பிறந்து, வளர்ந்து, தப்பிக்க வேண்டுமே! அதனால் மற்றவன் குட்டிக்கு உயிர் இல்லை.

தாய் சும்மா இருக்குமா? போராடும். காயம் படும். பல நேரம் தோற்கும். கிர் காட்டுத் தாய்ச் சிங்கம் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது.

அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வாழ்வது இல்லை. பெண்கள் தனிக் கூட்டம். ஆண்கள் தனி ஜோடி. பெரிய இரை விழுந்தாலோ, கூடும் காலம் வந்தாலோதான் சந்திப்பு. ஒரு பெண் கூட்டம் இருக்கும் இடத்தில், இரண்டு மூன்று ஆண் ஜோடிகளின் எல்லைகள் வந்து மோதும். பெண் சிங்கம் அந்த எல்லா ஜோடிகளோடும் பழகி வைத்துக்கொள்கிறது. பிறகு பிறக்கும் குட்டியைப் பார்த்தால், இந்த ராஜாவும் "என் குட்டி" என்று நினைக்கும்; பக்கத்து ராஜாவும் "என் குட்டி" என்று நினைக்கும். இரண்டும் கொல்லாது!

சக்ரவர்த்தியும் ஜாலாவும்தான் இதையும் கண்டு சொன்னார்கள். சாதுரியத்தில் ராணி, ராஜாவை மிஞ்சிவிட்டாள்.

ஜெய் - வீரு

கிர் காட்டில் சமீப காலத்தில் மிகவும் புகழோடு இருந்த ஜோடி, ஜெய் - வீரு.

1975-ல் வந்த "ஷோலே" இந்திப் படம் நினைவு இருக்கிறதா? சென்னையிலும் சக்கைப்போடு போட்ட படம். அதில் அமிதாப் பச்சன் ஜெய், தர்மேந்திரா வீரு. உயிருக்கு உயிரான நண்பர்கள். அந்தப் பெயரைத்தான் இந்த இரண்டு சிங்கங்களுக்கும் வைத்தார்கள்.

பெயருக்கு ஏற்றபடியே இருந்தன. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். சுற்றுலாப் பயணிகள் போகும் பகுதி உள்பட, கிர் காட்டின் ஒரு பெரிய பரப்பு இந்த இருவர் கையில் இருந்தது. பல பெண் கூட்டங்கள் இவர்களின் எல்லைக்குள் வாழ்ந்தன. இவர்கள் சேர்ந்து நின்ற வரை யாரும் கிட்டே நெருங்க முடியவில்லை.

2025-ம் ஆண்டு அந்த நாள் வந்தது. இருவரும் வேறு வேறு இடத்தில் இருந்தார்கள். ராஜ்யம் பெரியதாகிவிட்டால், ஒருவர் இந்தக் கோடிக்கும் ஒருவர் அந்தக் கோடிக்கும் போகத்தானே வேண்டும்? அந்தச் சமயம் பார்த்து வேறு சிங்கங்கள் பாய்ந்துவிட்டன. வீருவுக்குப் பலத்த காயம். ஜெய்க்கும் தனியாக நடந்த சண்டையில் காயம். ஒருவருக்கு ஒருவர் உதவிக்கு வர முடியவில்லை.

வனத்துறை வைத்தியர்கள் இரண்டையும் பிடித்து வந்து சிகிச்சை செய்தார்கள். ஜூன் 11-ந் தேதி வீரு இறந்தது. ஏழு வாரம் கழித்து, ஜூலை 29-ந் தேதி ஜெய்யும் இறந்தது. நண்பனைப் பிரிந்த ஏக்கத்தில் செத்தது என்று சிலர் சொன்னார்கள். காயம்தான் காரணம் என்று வைத்துக்கொள்வதே சரி. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த பலருக்குக் கண் கலங்கியது.

இவர்களைக் கடித்தவர்கள் யார்? அவர்களும் ஒரு நாள் தாயால் துரத்தப்பட்டு, ஊர் ஊராக அலைந்து, கூட்டாளி தேடிப் பிடித்து வந்தவர்கள்தான்.

பரடா மலைக்குப் போன பையன்

எல்லாத் துரத்தப்பட்ட வாலிபர்களும் சண்டைக்கு வருவது இல்லை. சிலர் நடந்துகொண்டே இருந்துவிடுகிறார்கள்.

காந்தியடிகள் பிறந்த போர்பந்தருக்குப் பக்கத்தில் பரடா மலை என்று ஒரு காடு இருக்கிறது. 192 சதுர கிலோமீட்டர் சரணாலயம். கிர் காட்டில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர். சேலையூரில் இருந்து திண்டிவனம் போகும் தூரம். 1879-க்குப் பிறகு அங்கே சிங்கம் கிடையாது.

2022-ம் ஆண்டு கடைசியில் ஒரு வாலிபச் சிங்கம் போர்பந்தர் பக்கத்துக் கடலோரத்தில் சுற்றித் திரிந்தது. வயது மூன்றரை. 2023 ஜனவரியில் அது பரடா காட்டுக்குள் நுழைந்தது. யாரும் பிடித்துக்கொண்டு போய் விடவில்லை. தன் காலால் நடந்து போனது. 140 வருஷத்துக்கும் மேலாகக் காலியாகக் கிடந்த காட்டில் முதல் கர்ஜனை அதனுடையது!

அங்கே சண்டை போட ராஜா இல்லை. ஆனால் ராணியும் இல்லை. ஆகவே வனத்துறை பெண் சிங்கங்களைக் கொண்டு போய் விட்டது. 2025 கணக்கெடுப்பில் பரடாவில் 17 சிங்கங்கள். அதில் பாதிக்கு மேல் குட்டிகள்.

சிங்கங்கள் அனைத்தும் ஒரே வட்டாரத்தில் இருப்பது அபாயம் என்று பல வருஷமாகப் பேச்சு. ஒரு கொள்ளைநோய் வந்தால் என்ன ஆவது? மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குச் சில சிங்கங்களை அனுப்பச் சொல்லி 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சிங்கம் போகவில்லை. 2022-ல் ஆப்பிரிக்காவில் இருந்து சிவிங்கிப்புலிதான் அங்கே போனது. பெரியவர்கள் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருக்க, மூன்றரை வயதுப் பையன் ஒருவன் நடந்தே போய் இரண்டாவது வீட்டைத் திறந்துவிட்டான்!

மாலை நேரத்தில்...

இனி அடுத்த முறை வண்டலூருக்குப் போனால், சாயங்காலம் வரை இருந்து பாருங்கள். வெயில் தாழ்ந்ததும் சிங்கங்கள் எழுந்து சோம்பல் முறிக்கும். நாள் தவறாமல் அவற்றைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் உண்டு. துரத்த யாரும் இல்லை. தேட ராஜ்யமும் இல்லை.

அப்படியும் ஒன்று தலையைத் தாழ்த்தி, வயிற்றை எக்கிக் கர்ஜிக்கும். "இங்கே நான் இருக்கிறேன். அங்கே யார்?" என்பதுதான் காட்டில் அதற்கு அர்த்தம். குழந்தைகள் பயந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் பொறுங்கள். பக்கத்து அடைப்பில் இருந்து இன்னொரு குரல் பதில் சொல்லும்.